முறைவீட்டுச் சுடுதண்ணி

1

போன ஐப்பசியோடு நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி நான்கு வருஷம் முடிந்தது. சிலோன் மலைத் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கு, இந்தியாவுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். பிரஜாவுரிமைப் பேப்பர் வராமல், போவதா இருப்பதா என்று தெரியாமல் காத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. அதனால் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

இந்தியா பெரிய தேசம். எனக்குத் தெரிந்தது அதில் விருத்தாசலம் என்கிற ஊரில் ஒரு சின்னத் தெரு. தெருவில் ஆறு வீடு. கடைசி வீடு எங்களுடையது. தெருவுக்குப் பின்னால் ஒரு பீங்கான் கம்பெனி. எங்க வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை, பச்சை ஜாடிகளைச் சூளையில் அடுக்குவதும் வெந்த பிறகு இறக்குவதும். மகள் செல்வி ஒன்பதாவது படிக்கிறாள். இவ்வளவுதான் நாங்கள்.

வந்த நாளிலிருந்து நான் விடாத பழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலமானால் சுடுதண்ணி போடுவேன். சித்திரை வெயிலில் இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணியே கையைச் சுடும். அப்போதும் நான் அடுப்பைப் பற்றவைத்து அண்டாவை ஏற்றுவேன். முதல் வருஷம் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா கொல்லை வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஏங்க சிலோன்காரம்மா, இந்த வெயில்ல வெந்நி வைக்கிறீங்களே, வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்லைக்கா, குளிக்கத்தான்."

"குளிக்கவா!" என்றவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாளே எங்கள் வீட்டுக்கு 'வெந்நிக்காரங்க வூடு' என்று பேர் வந்துவிட்டது.

செல்விக்கு இது மானப் பிரச்சினை. அவள் இப்போது இந்த ஊர்ப் பிள்ளை. வேர்க்கடலையைக் கச்சான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மல்லாட்டை என்கிறாள். ஸ்கூலில் கேட்டால் எங்களுக்குத் திருச்சிப் பக்கம் என்று சொல்லியிருக்கிறாள். லயம் என்ற வார்த்தையை நான் வெளியில் சொல்லக் கூடாதாம். "யாரும்மா இந்த ஊர்ல தெனமும் வெந்நி வச்சிக் குளிக்கிறாங்க? வெறகு என்ன சும்மாவா வருது?" என்று கேட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பச்சைத் தண்ணியில் குளிக்கப் போய்விடுவாள். அவள் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் எனக்குக் கோபம் வரும்.

2

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். சொன்னால் எனக்கு நன்றாக இருக்கும்.

நம் தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, வீட்டுக்கு ஒன்று. மழையில் நனைந்து, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு, பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வருகிற நேரம் எல்லாருக்கும் ஒன்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சுடுதண்ணி வேண்டும். பத்து அடுப்பு பற்றவைத்தால் விறகுக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி, நம் மிலாறு, எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் தண்ணி முறை வைத்தோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் பெரிய அண்டா ஏறும். அன்றைக்கு யார் வேலைக்குப் போகவில்லையோ, பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரரோ, அவர் உட்கார்ந்து எரிப்பார். கொதித்ததும் மூடியில் கரண்டியால் தட்டுவார். சத்தம் கேட்டதும் ஒன்பது வீட்டு வாளியும் வரும்.

முறைவீட்டுக்காரி எல்லாரும் எடுத்த பிறகுதான் குளிக்க வேண்டும். அதற்குள் அடுப்பும் அவிந்து, அண்டா அடியில் நாலு செம்பு தண்ணி ஆறிக் கிடக்கும். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு அதில் குளித்துவிட்டு ஓடி வருவோம். "எம்முறை வந்தாத்தான் எனக்குக் குளிரு காய்ச்சலே வருது" என்று என் தங்கச்சி சரசு ஒவ்வொரு தடவையும் புலம்புவாள். சரசுவின் காம்பரா எங்களுடையதை ஒட்டினது. நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போகும்.

லயத்தில் ஜாதி கிடையாது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வந்தால் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். சுடுதண்ணிக்கு முன்னால் மட்டும் யாருக்கும் ஞாபகம் வந்து நான் பார்த்ததில்லை. நடுங்குகிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

பிரஜாவுரிமைப் பேப்பரில் எங்களுக்கு இந்தியா என்று வந்தது. சரசு வீட்டுக்காரர் எழுதிப் போட்டதில் அவர்களுக்குச் சிலோன் என்று வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒரு கையெழுத்து இரண்டு தேசம் ஆக்கிவிட்டது. நாங்கள் கிளம்பியது ஒரு புதன்கிழமை. மறுநாள் எங்கள் தண்ணி முறை. லாரி ஏறும்போது சரசு அழவில்லை. "போக்கா, நாளைக்கு ஒன் முறைய நான் பாத்துக்கிறேன். வந்து குடுத்துரு" என்றாள். வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு முறை இன்னும் என் கணக்கில் நிற்கிறது. நான் சாயங்காலம் அடுப்பைப் பற்றவைப்பது அதனால்தான் என்று செல்வியிடம் எப்படிச் சொல்வது?

3

இங்கே விறகு விலைக்குத்தான். விறகுத் தொட்டி என்கிற விறகுக் கடையில் சவுக்கை நிறுத்துப் போடுவார்கள். மழைக்காலத்தில் கடைக்காரன் நனைந்த விறகைத் தராசில் வைப்பான். விறகோடு அதிலிருக்கிற தண்ணிக்கும் நாம் காசு கொடுத்து வாங்கி வந்து, அந்தத் தண்ணியை ஊதி ஊதி வற்றவைத்து, அப்புறம் நம் தண்ணியைச் சுடவைக்க வேண்டும். இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

சிக்கனத்துக்கு நான் செய்யாததில்லை. சோறு வேகும்போதே பக்கத்துக் கொடியடுப்பில் பானையை ஏற்றுவேன். பித்தளைக் குடத்துக்கு வெளியே கரியைப் பூசி மத்தியான வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெயில் காலத்தில் அது நன்றாகவே சுட்டது. சுடுதண்ணி தேவைப்படாத காலத்தில் சுட்டு என்ன செய்ய? ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் எந்தத் தந்திரமும் பலிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் எங்க வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனவள் சூளையைப் பார்த்தேன். எரித்து முடித்த சூளையை உடனே திறக்க மாட்டார்கள். திறந்தால் ஜாடியெல்லாம் விரிசல் விட்டுவிடும். இரண்டு நாள் அப்படியே ஆற விடுவார்கள். கம்பெனியில் இரண்டு சூளை. ஒன்று எரிகிறபோது மற்றது ஆறும். ஆறுகிற சூளையின் சுவரோரம் ஆட்கள் கைகழுவ ஒரு டின்னில் தண்ணி வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். சுரீர் என்றது. இவ்வளவு சூடு சும்மா காற்றில் போகிறது, தெருவில் ஆறு வீடு நனைந்த விறகை ஊதிக் கண் எரிகிறது. எனக்கு லயம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பீப்பாய் இருந்தால் போதும்.

எங்க வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. அவரைத் தள்ளித் தள்ளி முதலாளியிடம் கேட்கவைத்தேன். முதலாளி மானேஜரைக் கேள் என்றார். மானேஜர், தண்ணியை வைத்துக்கொள், ஆனால் கேட்டைத் தாண்டி எது போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்றார். பாஸ் எழுதுகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன்.

"கம்பெனிப் பொருளா, சொந்தப் பொருளா?" என்று மானேஜர் கேட்டார்.

"தண்ணி எங்க கெணத்துத் தண்ணிங்க. சூடு மட்டும் கம்பெனியோடது" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. 'பொருள்' என்ற இடத்தில் வெந்நீர் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் 'திரும்பி வருமா' என்று இருந்தது. அதில் 'வராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்களைக் கப்பலேற்றிய பேப்பரிலும் இதே மாதிரி ஒரு வரி இருந்தது. அதை எழுதின ஐயாவும் இதே மாதிரி தலையை நிமிர்த்தாமல்தான் எழுதினார்.

4

பழைய தார்ப் பீப்பாய் ஒன்றை வாங்கித் தேய்த்துக் கழுவினோம். சூடு இறங்காமல் இருக்கச் சுற்றிலும் மல்லாட்டைத் தோலைக் கொட்டிச் சாக்கைப் போட்டு இறுக்கித் தைத்தேன். நாங்கள் கப்பலேறிய அதே தேதி, ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எங்க வீட்டுக்காரர் கம்பெனியின் மண் வண்டியில் பீப்பாயை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். தெருமுனையில் டீக்கடை ரேடியோவில் சிலோன் பாட்டு. இந்தத் தெருவுக்குச் சிலோன் ரேடியோ என்றால் உயிர். சிலோன்காரியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினார். நான் மூடியைத் திறந்தேன். மழைக் குளிரில் ஆவி குபுகுபுவென்று மேலே ஏறியது. மனசு நிறைந்துபோய், கரண்டியை எடுத்து மூடியில் ஓங்கித் தட்டினேன். டங் டங் டங்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து வீட்டுக் கதவும் திறந்தது. பெண்கள், ஆம்பிளைகள், பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். எல்லார் கையிலும் வாளி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக என் ஊரில் நிற்கிறேன் என்று நினைத்தேன்.

"எங்க, எங்க பத்திக்கிச்சு?" என்று தனபாக்கியம் அக்கா கத்திக்கொண்டே வந்தார்.

பார்த்தால், எல்லார் வாளியிலும் தண்ணி தளும்புகிறது. டங் டங் சத்தம் கேட்டு, எழும்பின ஆவியைப் புகை என்று நினைத்து, எங்கள் கூரையில் தீ என்று அணைக்க வந்திருக்கிறார்கள். ஒருவர் வீசின வாளித் தண்ணி எங்க வீட்டுக்காரரைத் தலையோடு நனைத்துவிட்டது.

"தீயில்லைக்கா. சுடுதண்ணி. எல்லாருக்கும் கொண்டாந்திருக்கேன். கம்பெனிச் சூளையில வச்சது, வெறகே வேண்டாம். எடுத்துக்குங்க" என்றேன்.

தெரு சிரித்தது. பொல்லாத சிரிப்பில்லை. நல்லவேளை தீயில்லை என்கிற சிரிப்பு. சிரித்து ஓய்ந்த பிறகுதான் சங்கடம் வந்தது. வாளியைக் கீழே கவிழ்த்துவிட்டு நீட்ட வேண்டியதுதான். யாரும் கவிழ்க்கவில்லை. தனபாக்கியம் அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க என்னா ஆளுங்க?"

"தேயிலைத் தோட்டத்து ஆளுங்க."

"அது தெரியும்ங்க. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் தேயிலைதான்கா. எங்க பாட்டன் காலத்துலேருந்து."

அவர் தலையை ஆட்டினார். "நாங்க வூட்லயே வச்சிக்கிறோம்ங்க" என்றார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தீயை அணைக்க எங்கள் வாசலுக்கு ஓடி வந்த அதே கால்கள்தான். வீடு எரிந்தால் வருவார்கள் என்று தெரிந்தது. மற்ற நாளில் வர மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

செல்வி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே நான் எப்பிடிம்மா ஸ்கூலுக்குப் போவேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் அவளைத் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

5

பிடிவாதம் எனக்கு எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. தினமும் பீப்பாய் வந்தது. தெருவில் தட்டவில்லை. கொல்லைப் பக்கம் இறக்கிவைத்து நாங்கள் மட்டும் எடுத்துக்கொண்டோம். விறகுச் செலவு நின்றுபோனது. மூன்று பேருக்கு ஒரு பீப்பாய் தண்ணி. மிச்சத்தைப் பாத்திரம் கழுவி, துணி அலசி, அப்படியும் தீராமல் ஆறவிட்டுப் பூசணிக் கொடிக்கு ஊற்றினேன்.

கார்த்திகையில் தனபாக்கியம் அக்காவின் மகள் மல்லிகா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அந்த வாரம் பிடித்த மழை விடவேயில்லை. மணிமுத்தாற்றில் வெள்ளம். விறகுத் தொட்டிக்குள் முழங்கால் தண்ணி. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நாள்கூட விடாமல் இடுப்பில் சுடச்சுட ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்தில் இடுப்பே நிற்காது. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அந்த வீட்டுக் கொல்லையிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்கா ஊதி ஊதி இருமுவது எனக்குக் கேட்டது. சரசுவின் இருமல் மாதிரியே இருந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நானாகப் போய்க் கொடுத்தால் மறுபடியும் அதே பதில் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலியில் ஒரு சத்தம். அக்கா முள்ளை விலக்கிக்கொண்டு நின்றார். கையில் கயிறு கட்டின வாளி.

"சிலோன்காரம்மா, அந்த வெந்நி இருக்குதுங்களா?"

 பேசினால் நாக்கில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. மல்லாட்டைத் தோலுக்குள் தண்ணி விடியும் வரை சூடாகவே இருந்தது, வாளியை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

"கொல்லப் பக்கமாவே வந்துட்டுப் போறேங்க. தெருவுல பாத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீங்களும் எதுவும் சொல்லாதீங்க" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

கார்த்திகை முழுக்க அந்த வேலி வழியாகத்தான் தண்ணி போனது. நான் ஊற்றும் ஒவ்வொரு வாளிக்கும் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. சந்தனம் அரைத்தது, பிரசவ மருந்துக்குக் காயம் இடித்தது என்று அக்கா பேசுவார். சில நாள் மல்லிகாவின் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு இரண்டு பேரும் சிரிப்போம். வாசலில் பார்த்தால் மட்டும், சந்தைக்குப் போகிற அவசரம் மாதிரித் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் செல்வி இதைப் பார்த்துவிட்டாள்.

"பின்னாடி வந்து வாங்கிக்கிட்டு முன்னாடி தெரியாத மாதிரி போறாங்க. நீ ஏம்மா குடுக்கிற?"

"பிள்ளை பெத்தவளுக்கும்மா."

"ஒனக்கு ரோசமே கெடையாதா?" என்றாள். திருச்சிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவளுக்கு என் ரோசத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். அவள் கண்ணில் தண்ணி நின்றது. எனக்காகத்தான் என்று தோன்றியது.

6

மல்லிகாவுக்குத் தண்ணி ஊற்றுவது முடிந்தது. வேலியில் யாரும் வரவில்லை. மழையும் நின்று மார்கழிப் பனி ஆரம்பித்தது. நான் பழையபடி பூசணிக் கொடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம், வண்டி வருகிற நேரத்தில், கோலமிட்ட இடத்தைத் தாண்டி எங்கள் தெருவாசலில் ஒரு வாளி இருந்தது. காலி வாளி. கயிறு கட்டினது. பக்கத்தில் ஆளில்லை. யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தது அல்ல. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து வீடும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது.

கரண்டியை எடுத்துத் தட்டலாமா என்று கை பரபரத்தது. தட்டவில்லை. வாளியை நிரப்பினேன். நான் தூக்குவதற்குள் செல்வி வந்து அதைத் தூக்கிக்கொண்டாள். ஸ்கூல் பாவாடையோடு, நடுத்தெருவில், எல்லாரும் பார்க்கத் தளும்பத் தளும்பக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"பெரியம்மா, சுடுதண்ணி!"

வெந்நி என்று சொல்லவில்லை. கதவு திறந்தது. "வாம்மா, உள்ள கொண்டாந்து வை" என்று அக்காவின் குரல் கேட்டது.

மற்ற வீடுகளுக்காக இருட்டும் வரை காத்திருந்தேன். எந்த வாளியும் வரவில்லை. ஒரு வாளி போனாலும் முறை முறைதான், அன்றைக்கு வியாழக்கிழமை, லயத்தில் நான் விட்டுவந்த முறையும் வியாழக்கிழமைதான். எங்க வீட்டுக்காரரும் செல்வியும் குளித்த பிறகு, எல்லாருக்கும் கடைசியாக நான் போய் உட்கார்ந்தேன்.

சரசு, எனக்காக நீ பார்த்த அந்த முறையை இந்த ஊரில் கொடுத்துவிட்டேன். ஆறின தண்ணிக்குப் பழகின உடம்பு, நடுங்கத் தயாராகச் செம்பை முக்கினேன். பீப்பாய் ஏறக்குறைய நிறைந்திருந்தது. தண்ணி கொதிக்கக் கொதிக்க அப்படியே இருந்தது. முறைவீட்டுக்காரிக்கு இவ்வளவு சூடாகத் தண்ணி மிஞ்சி நான் பார்த்ததேயில்லை. ஊற்ற ஊற்ற எனக்கு அழுகைதான் வந்தது.